உபத்திரவம்: ஒரு சொல், இரண்டு வீடு

அடுப்படியில் வேலையாக நிற்கிற அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தால் எங்கள் வீட்டில் கிடைக்கிற பதில், "சும்மா உபத்திரவம் பண்ணாத, அங்கிட்டுப் போ." அதே அம்மா ராத்திரி குடும்ப ஜெபத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு, ஆனாலும் திடன்கொள்ளுங்கள்" என்று யோவான் 16:33ஐ வாசிப்பார். உலகமே சேர்ந்து சீஷர்களின் முந்தானையைப் பிடித்து இழுக்கப்போகிறது, அதைத்தான் இயேசு எச்சரிக்கிறார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குழப்பம் என்னுடையது மட்டும் இல்லை, சொல்லிலேயே இருக்கிறது. உபத்திரவம் வடமொழியிலிருந்து வந்தது. 'உப' என்ற முன்னொட்டும் ஓடுதலைக் குறிக்கும் 'த்ரு' என்ற வேரும் சேர்ந்து, மேலே ஓடிவந்து விழுவது, எதிர்பாராமல் தாக்குவது என்ற பொருளைத் தருகின்றன. ஆயுர்வேதத்தில் ஒரு நோய்க்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும் துணைநோய்க்கும் இதே பெயர்தான். தமிழில் புழங்கிப் புழங்கி அதன் கூர்மை மழுங்கிவிட்டது. "உபகாரம் பண்ணாட்டாலும் உபத்திரவம் பண்ணாம இருந்தா போதும்" என்று சொல்லும்போது நாம் நினைப்பது பக்கத்து வீட்டுக்காரரை, சிலுவையை இல்லை.

சரி, மூலத்தில் என்ன இருக்கிறது? புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இந்த இடத்தில் வரும் சொல் 'த்லிப்ஸிஸ்'. அழுத்துவது, நசுக்குவது, இடமில்லாமல் நெருக்குவது என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது. மாற்கு 3:9இல் ஜனக்கூட்டம் தம்மை நெருக்கிவிடாதபடி ஒரு படகைத் தயாராக வைக்கச் சொல்கிறாரே இயேசு, அந்த 'நெருக்க'லுக்கு அங்கே இருப்பது இதே வினைதான். காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மத்தேயு 7:14இல் ஜீவனுக்குப் போகிற வழி "நெருக்கமுமாயிருக்கிறது" என்கிற இடத்திலும் அதே வேர். லத்தீன் வேதாகமம் இதற்குப் பெரும்பாலும் போட்ட சொல் 'த்ரிபுலாத்சியோ'. அதன் பின்னால் இருப்பது 'த்ரிபுலும்', அதாவது அடியில் கூர்மையான கற்கள் பதித்து, கதிரின் மேல் மாடு இழுத்துப்போகும் சூடடிக்கும் பலகை. கிரேக்கன் நெரிசலைப் பார்த்தான், லத்தீன்காரன் களத்துமேட்டைப் பார்த்தான், நமக்கு எதிர்பாராமல் ஓடிவந்து மேலே விழுந்த ஏதோ ஒன்று கிடைத்தது.

இதில் நமது பழைய மொழிபெயர்ப்பாளர்களைக் குறைசொல்வது சுலபம், ஆனால் நியாயமில்லை. தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது 1714-15இல். அப்புறம் பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பு, அப்புறம் பவர் ஐயர் குழுவின் 1871 திருத்தம் என்று கைமாறிக் கைமாறி வந்த நடை அது. வடசொல் கலந்து எழுதினால்தான் வேதத்துக்கு மரியாதை என்று படித்தவர்கள் எண்ணிய காலமும்கூட. ஆனால் ஒரு வேடிக்கை: சரியான தமிழ்ச் சொல் அவர்கள் கையிலேயே இருந்தது. 2 கொரிந்தியர் 4:8ஐ எடுத்துப் பாருங்கள், "நாங்கள் எப்பக்கத்திலும் நெருக்கப்பட்டும் ஒடுங்கிப்போகிறதில்லை." அங்கே அதே கிரேக்க வினைக்குத் தமிழ் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. இன்னும் அழகு சங்கீதம் 4:1, "நெருக்கத்தில் இருந்த எனக்கு விசாலமுண்டாக்கினீர்." பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்த 'நெருக்கத்தில்' என்பதற்கு இருப்பது த்லிப்ஸிஸ்தான்.

இந்த வசனத்தில் நெருக்கத்துக்கு எதிர்ச்சொல்லாக சுகமோ சந்தோஷமோ வரவில்லை, விசாலம் வருகிறது. மூச்சுவிட இடம். உபத்திரவம் என்று மொழிபெயர்த்தால் அதற்கு எதிர்ச்சொல் 'தொல்லை ஒழிந்தது' என்பதாகத்தான் இருக்க முடியும், நெருக்கம் என்றால் ஆள் அதே இடத்தில் இருக்க, சுவர்கள் விலகுவது தெரியும்.

இப்போது ரோமர் 5:3-4. "உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்குகிறது." மனப்பாடமாகத் தெரிந்த வசனம், ஆனால் நாலு சொல்லில் மூன்று நம்மை வேறு பக்கம் திருப்பிவிடும். பொறுமைக்கு மூலத்தில் 'ஹுப்பொமோனே', அதாவது பாரத்தின் அடியிலேயே நின்றுகொண்டிருப்பது. தமிழ் 'பொறு'வுக்கும் முதலில் சுமப்பது என்றுதான் பொருள், பொறை என்றால் பாரம். இரண்டு மொழியும் இவ்வளவு ஒட்டிவருவது அபூர்வம். ஆனால் இன்றைக்குப் பொறு என்றால் வரிசையில் நில் என்று அர்த்தமாகிவிட்டது. பரீட்சை என்றதும் கணக்குப் பேப்பர் ஞாபகம் வருகிறது. மூலத்தில் உள்ள 'தொக்கிமே' தேர்வைவிடத் தேறியபின் இருக்கிற நிலையைச் சொல்கிறது, உரைத்துப் பார்த்து மாற்றுக் குறையாது என்று தட்டான் கையில் திருப்பிக் கொடுத்த தங்கம் மாதிரி. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியம் இதற்கு 'தகைமை' என்ற சொல்லைப் போட்டது, நல்ல தேர்வு.

நாலாவதாக நம்பிக்கை. கலப்புக் குடும்பம் உள்ளவர்கள் கவனியுங்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டுப் பைபிளில் 1 கொரிந்தியர் 13:13 "விசுவாசம், நம்பிக்கை, அன்பு". கத்தோலிக்க வீட்டில் அது "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு". அதாவது ஒரே 'நம்பிக்கை' அங்கே இரண்டாவது, இங்கே முதலாவது. கிரேக்க 'எல்பிஸ்' என்பதற்கு எதிர்நோக்குதான் துல்லியம், இன்னும் வராததை வரும் என்று பார்த்திருப்பது. கத்தோலிக்கத் திருச்சபையின் 2025 யூபிலி ஆண்டுக்கு "எதிர்நோக்கின் திருப்பயணிகள்" என்ற தலைப்பு வந்தபோது எங்கள் உறவில் ஒருவர், 'எதிர்நோக்கு என்றால் எதிர்ப்பா?' என்று கேட்டார். புதுச்சொல்லுக்கு அந்தக் கஷ்டம் இருக்கத்தான் செய்யும்.

இந்தச் சங்கிலியை எழுதிய பவுல் ஏதோ நாற்காலியில் சாய்ந்துகொண்டு எழுதவில்லை. ஐந்து முறை ஒன்றுகுறைய நாற்பது அடி, மூன்று முறை மிலாறு அடி, மூன்று முறை கப்பற்சேதம் என்று 2 கொரிந்தியர் 11இல் கணக்கே கொடுக்கிறார். அதைவிட முக்கியம் அதே நிருபத்தின் 1:8. ஆசியாவில் நேர்ந்த உபத்திரவத்தில் "பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக" பாரம் அழுத்தியது என்கிறார். அடிபட்டுக்கொண்டிருந்தபோது அவர் கையில் அந்த நம்பிக்கை இல்லை. ரோமர் வசனத்திலும் நம்பிக்கை கடைசி ஸ்தானத்தில்தான் வருகிறது. அதனால் துக்க வீட்டில் முதல் நாளே போய் "நம்பிக்கையோடு இருங்க, இது ஆண்டவர் வைக்கிற பரீட்சை" என்று சொல்கிற பழக்கத்தை விட்டால் நல்லது. பவுலுக்கே வராத அவசரம் நமக்கு எதற்கு. அதோடு, நெருக்குகிறவன் செய்வது சரி என்றும் இந்த வசனம் எங்கேயும் சொல்லவில்லை. குடித்துவிட்டு அடிக்கிற புருஷனைப் பொறுத்துக்கொள்ள இதைக் காட்டுகிறவர்கள் வேறு ஏதோ வேதத்தை வாசிக்கிறார்கள்.

தமிழில் ஒரே சொல் வேண்டும் என்றால்? துன்பம் பொதுவான சொல், நெருக்கும் உணர்வு அதில் இல்லை. நெருக்கடி என்றால் 1975 எமர்ஜென்சியும் பொருளாதாரமும் முன்னால் வந்து நிற்கும். 'இடுக்கண்' எனக்கு ரொம்பப் பிடித்தது. வள்ளுவர் இடுக்கண் அழியாமை என்று ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார். துன்பத்தில் இடுங்கிப்போன கண் என்று அதைப் பிரித்துப் பொருள் சொல்வதுண்டு, கேட்கும்போதே இடுக்கு தெரிகிறது. ஆனால் ஜெபக்கூட்டத்தில் யாரும் "எனக்கு ஒரே இடுக்கண், ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லப்போவதில்லை. என் ஓட்டு நெருக்கத்துக்கு. நெருங்கிய உறவு என்ற இன்னொரு பொருளும் அதற்கு உண்டே என்பார்கள். இருக்கட்டும், எந்த நெருக்கம் என்பது வாக்கியத்தில் தெரிந்துவிடும்.

வருஷப் பிறப்பு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் யோவான் 16:33 வந்தால் அநேகமாகப் பின்பாதி மட்டும்தான் அச்சாகியிருக்கும், "திடன்கொள்ளுங்கள்" என்று. அம்மாவின் பைபிளில் முழு வசனமும் இருக்கிறது, ஆனால் பென்சில் கோடு அங்கே இல்லை. சங்கீதம் 4:1க்குக் கீழேதான் இருக்கிறது, ஓரத்தில் சின்னதாக ஒரு தேதியோடு, அப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த மாதம். உபத்திரவ வசனத்துக்கு ஏன் கோடு போடவில்லை என்று கேட்டேன்.

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான" என்றார்.