பளு தூக்கும் தம்பிகளின் ராத்திரிச் சாப்பாடு

போன வருடம் என்னிடம் வந்தவருக்கு வயது 34. லாரி புக்கிங் ஆபீசில் வேலை. அதை முடித்து ஜிம்முக்குப் போகவே இரவு எட்டு ஆகிவிடும், தரையிலிருந்து பளுவைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் 180 கிலோ வரை போட்டவர். சட்டை தோளில் இறுகி நிற்கிற அந்த உடம்பைப் பார்த்தால் சர்க்கரை டாக்டரிடம் இவருக்கு என்ன வேலை என்றுதான் தோன்றும். ஆனால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.3, ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு 290, இரண்டுமே கூடுதல். "லேப்ல ஆள் மாத்திக் கொடுத்துட்டாங்களா டாக்டர்?" என்றார். டேப்பை எடுத்து வயிற்றைச் சுற்றி அளந்தேன், 97 சென்டிமீட்டர். நம் ஊர் ஆண்களுக்கு 90 தாண்டினாலே கவனிக்க வேண்டும்.

ராத்திரி என்ன சாப்பிடுறீங்க தம்பி என்று கேட்டதும் போனில் ஒரு படத்தைக் காட்டினார். மணி பத்தரை, வாழை இலையில் ஆறு பரோட்டா, மேலே சால்னா, ஓரத்தில் இரண்டு ஆம்லெட். வீட்டுக்குப் போனதும் உடம்பு எடையை ஏற்றும் மாஸ் கெயினர் பவுடரைப் பாலில் கலந்து வேறு. காலையில் பசிக்காது, காபியோடு கிளம்பிவிடுவார். "வொர்க்கவுட் முடிச்சு எவ்வளவு கார்ப், அதான் மாவுச்சத்து, சாப்பிட்டாலும் தசைக்குத்தான் போகும்னு கோச் சொன்னாரு."

கோச் சொன்னதில் உண்மை இருக்கிறது, அதனால்தான் இதை விளக்கமாக எழுதுகிறேன். தசை சுருங்கி விரியும்போது, ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸை உள்ளே இழுக்கும் கதவுகள் இன்சுலின் இல்லாமலே திறக்கும், பயிற்சி முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நாளைக்குத் தசை இன்சுலினுக்கு நன்றாகவே பணியும். ஆனால் தசையிலும் அளவான இடம்தான் இருக்கிறது. ஒரு கனமான பயிற்சியில், உழைத்த தசை சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைக்கோஜனில் கால்பங்கிலிருந்து 40 சதவீதம் வரைதான் கரைகிறது. பரோட்டாவுக்கு 50 கிராம் மைதா என்று குறைத்தே கணக்குப் போட்டாலும் ஆறுக்கு 220 கிராம் மாவுச்சத்து வந்துவிடும். மாஸ் கெயினர் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின்தான், அதுவும் மாவுச்சத்தே. மிஞ்சுவதைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. அதோடு, இருட்டிய பிறகு தூக்க ஹார்மோனான மெலடோனின் ஏற ஏற இன்சுலின் சுரப்பு மந்தமாகும், காலையில் சாப்பிடும் அதே இட்லி ராத்திரியில் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும்.

ராத்திரி மாவுச்சத்து நல்லது என்று சொல்பவர்கள் 2011-ல் வந்த இஸ்ரேல் ஆய்வைக் காட்டுவார்கள். பருமனான 78 போலீஸ்காரர்கள், ஆறு மாதம், மாவுச்சத்தில் பெரும்பகுதியை இரவில் சாப்பிட்டவர்களுக்கு எடை நன்றாகவே குறைந்தது. சரி, ஆனால் அவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்குமே 1300 முதல் 1500 கலோரிதான். எண்ணெயோடு சேர்த்தால் ஆறு பரோட்டாவே அந்த அளவுக்கு வந்துவிடுகிறது.

இவர் விஷயத்தில் கோளாறு தொடங்கிய இடம் இரண்டாவது தடவை வந்தபோதுதான் தெரிந்தது. தோளில் அடிபட்டு ஐந்து மாதமாகப் பளுவே தூக்கவில்லை. அந்தப் படமோ முதல் தடவை என்னிடம் வந்ததற்கு முந்தின நாள் எடுத்தது! பயிற்சி நின்றும் ராத்திரிச் சாப்பாடு நிற்கவில்லை. நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்: இருபத்திரண்டு வயதில் போட்டியின் எடைப் பிரிவுக்காகப் பழகிய சாப்பாடு, கல்யாணம், வேலை, முதுகுவலி எல்லாம் வந்து பயிற்சி பாதியாகக் குறைந்த பிறகும் நாற்பது வயது வரை அப்படியே தொடர்கிறது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் என்றது. தசை இருக்கிறவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

பரிசோதனைக்குப் போகும்போது ஒன்று. கனமாகப் பளு தூக்கினால் கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற என்சைம்கள் இரண்டும் தசையிலிருந்தே கசிந்து ஒரு வாரமாவது கூடுதலாகக் காட்டும். கல்லீரல் கெட்டுவிட்டதோ என்று பயந்து வருகிறவர்களும் உண்டு, எல்லாம் ஜிம்மால்தான் என்று உண்மையான கொழுப்புக் கல்லீரலைக் கவனிக்காமல் விட்டவர்களும் உண்டு. குறைந்தது ஒரு வாரம் பளுவை நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள், தசையிலிருந்து கசியாத ஜிஜிடி என்ற கல்லீரல் என்சைமையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். எடையையும் உயரத்தையும் வைத்துப் போடும் பிஎம்ஐ கணக்கு தசையையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டாது, உங்களுக்குச் சரிவராது, வயிற்றுச் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். வழக்கமான ராத்திரிச் சாப்பாட்டைச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் ஒரு தடவை பார்த்தாலே நிறையத் தெரியும், 140-க்குள் இருக்க வேண்டும். நெஞ்செரிச்சலோ பலத்த குறட்டையோ இருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ராத்திரி சோற்றையே நிறுத்து என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. இரவில்தான் பயிற்சி என்றால் அதற்குப் பிறகு கொஞ்சம் மாவுச்சத்து வேண்டும்தான். இவருக்குச் சொன்னது, காலையில் முட்டையோடு நாலு இட்லி, மதியம் நன்றாகச் சோறு, ஜிம்முக்குப் போகிற நாளில் அதற்கு முன்னால் ஒரு வாழைப்பழம், ராத்திரி ஒரு கப் சோறு, அதைவிடக் கூடுதலாக மீனோ பருப்போ காயோ, சாப்பிட்டுப் பத்து நிமிடம் தெருவில் ஒரு நடை. பளு தூக்காத நாளில் சோறு அரை கப். ஏழு மாதத்தில் ஹெச்பிஏ1சி 5.8, வயிறு 91. பரோட்டா ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு, அதை நான்தான் அனுமதித்தேன்.

ஏற்கெனவே சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே சோற்றைக் குறைத்துவிடாதீர்கள். பளுவும் தூக்கி, மருந்தும் எடுத்து, சாப்பாடும் குறைந்தால் நடு ராத்திரி தூக்கத்தில் சர்க்கரை தாழ்ந்துபோகும். முதலில் உங்கள் டாக்டரிடம் மருந்தின் அளவைப் பேசிவிடுங்கள்.