தென்னை கருத்துப்போனால் உடனே ஸ்பிரேயரைத் தூக்காதீர்கள்

வெயில் ஏறினால் போதும், அழைப்புகள் ஆரம்பித்துவிடும். "சார், மட்டையெல்லாம் கருப்படிச்சுப் போச்சுங்க, என்ன மருந்து அடிக்கலாமுங்க?" போன வாரம் அழைத்த பொள்ளாச்சித் தோப்புக்காரர் இன்னும் ஒரு படி மேலே. முதலில் பூச்சிக்கொல்லி அடித்திருக்கிறார். கருப்பு போகவில்லை என்றதும் பூஞ்சணக்கொல்லியும் அடித்திருக்கிறார். இரண்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தவை. இப்போது மட்டையில் வெள்ளை ஈ முன்பைவிட அதிகமாம், மூன்றாவதாக எதை அடிப்பது என்று என்னிடம் கேட்கிறார். எதையும் அடிக்க வேண்டாம் என்றால், இவன் என்ன ஆபீசர் என்பது போல ஒரு மௌனம். ஒவ்வொருவரிடமும் இதையே சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

இது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த பூச்சி. 2016இல் பொள்ளாச்சியிலும் கேரளத்திலும் தென்னையில் கண்டுபிடிக்கப்பட்டது. தென்னை மட்டுமில்லை, வாழை, கொய்யா, சப்போட்டா என்று பலவற்றில் உட்காரும்.

முதலில் அந்தக் கருப்பைப் பற்றிப் பேசிவிடுவோம். அது நோய் இல்லை. ஈ மேல் மட்டையின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்து சாறு குடிக்கிறது, மிஞ்சிய சர்க்கரையைப் பிசுபிசுப்பாகக் கழிக்கிறது. அது கீழ் மட்டையின் மேற்பரப்பிலும், ஊடுபயிராக வைத்த வாழை இலையிலும் சொட்டுகிறது. அந்த இனிப்பைத் தின்று வளர்வதுதான் கரும்பூசணம். இலைக்குள் அது நுழைவதே இல்லை. நம்பாவிட்டால் ஒரு கீற்றை எடுத்து நகத்தால் சுரண்டிப் பாருங்கள். ஏடு ஏடாக உரியும், அடியில் இலை பச்சையாகத்தான் இருக்கும். கருப்பைப் பார்த்துப் பூஞ்சணக்கொல்லி அடிப்பது, கூரை ஒழுகும்போது தரைக்குச் சிமென்ட் பூசுவது போல. வெயில் இலையில் படாமல் கருப்பு மறைக்கும், மரம் சோர்ந்து தெரியும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த ஈயால் மட்டும் தென்னை பட்டுப்போகாது. மழை பிடித்தால் ஈயும் குறையும், கருப்பும் கழுவிக்கொண்டு போகும்.

சரி, ஈயைக் கொல்லவாவது பூச்சிக்கொல்லி அடிக்கலாமே என்பீர்கள். அடிப்பதற்கு முன் அடிப்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் இருந்தால் நல்லது. வெள்ளை மெழுகை விரலால் லேசாகத் துடைத்துவிட்டுப் பார்த்தால் ஈயின் கூடுகள் தெரியும். ஈ வெளியேறிய கூடு 'டி' எழுத்தைப் போலக் கிழிந்திருக்கும். சில கூடுகள் கறுத்து, ஒரு வட்ட ஓட்டையோடு இருக்கும், யாரோ ஊசியால் குத்தியது மாதிரி. அது என்கார்சியா குவாடலூப்பே என்ற ஒட்டுண்ணிக் குளவி வெளியே வந்த வழி. அளவில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்தே அதைத் தின்று தீர்த்துவிடும். யாரும் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்து விட்டதில்லை, தானாகவே வந்து சேர்ந்தது. சம்பளம் இல்லாத வேலைக்காரர் என்றால் இதுதான்.

ஸ்பிரேயர் தூக்கினால் முதலில் சாவது இந்தக் குளவி. ஈயின் குஞ்சு மெழுகுக்குள் பதுங்கியிருக்கிறது, அதுவும் ஐம்பது அடி உயரத்தில், இலையின் அடியில். உங்கள் மருந்து அங்கே எவ்வளவு போய்ச் சேரும்? குளவியோ ஈயைத் தேடி இலை இலையாக நடப்பது, விஷம் பட்ட இடத்தில் எல்லாம் கால் வைக்கும். அப்புறம் பக்கத்துத் தோப்பிலிருந்து ஈ சீக்கிரமே திரும்பி வந்துவிடும். தின்ன ஈ பெருகிய பிறகுதான் குளவியால் பெருக முடியும். அந்த இடைவெளியில்தான் "அடித்த பிறகு அதிகமாயிடுச்சு" என்று எனக்குப் போன் வருகிறது.

பப்பாளி மாவுப்பூச்சியை அதற்குள் மறந்துவிட்டோமா? 2008இல் கோவைப் பகுதியில் தென்பட்டு பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிட்டுப் போனது. அடிக்காத மருந்து இல்லை. கடைசியில் 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அசெரோபேகஸ் என்ற குட்டிக் குளவிதான் அதை அடக்கியது.

இனி செய்ய வேண்டியவை. ஈ கூடும்போது மட்டையின் அடிப்பக்கத்தில் வெறும் தண்ணீரை விசையாகப் பீய்ச்சுங்கள். மஞ்சள் நிறத் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரங்களுக்கு இடையே கட்டுங்கள். ஆனால் தோப்பையே மஞ்சளாக்கிவிடாதீர்கள், அதில் குளவியும்தான் ஒட்டும். கருப்பு உறுத்துகிறதா? லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கரைத்துக் காய்ச்சி, ஆறவைத்து இலையின் மேல் தெளியுங்கள். காய்ந்ததும் பொருக்காக உதிரும். குளவி அறவே இல்லாத தோப்பு என்றால், ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் மருந்து படாத தோப்பிலிருந்து கறுத்த கூடுகள் உள்ள கீற்றை வெட்டிவந்து உங்கள் மட்டையில் கட்டிவிடுங்கள், ஓட்டை விழாத கூடாகப் பார்த்து.

தயவுசெய்து மரத்தடியைக் களைக்கொல்லி அடித்துச் சிமென்ட் தரை மாதிரி வைக்காதீர்கள். நான்கைந்து வாழையும் வாய்க்கால் ஓரம் கல்வாழையும் இருக்கட்டும். அவற்றிலும் இந்த ஈ உட்காரும், குளவி அங்கேதான் தன் குடும்பத்தைப் பெருக்கும். தட்டைப்பயறு, பூச்செடி ஏதாவது இருந்தால் ஈயைத் தின்னும் பொறிவண்டும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தங்கும். பாளையில் தேன் எடுக்க வரும் தேனீக்கும் இதனால் நல்லது, உங்கள் காய்ப்பிடிப்புக்கும் நல்லது. சுத்தமாகத் துடைத்துவைத்த தோப்புதான் நல்ல தோப்பு என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள், வெள்ளை ஈக்கு மட்டும்தான் இவ்வளவும். காண்டாமிருக வண்டையோ சிவப்புக் கூன்வண்டையோ பார்த்துவிட்டு "சார் அடிக்க வேண்டாம்னு எழுதியிருந்தாரு" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். கூன்வண்டு மரத்தையே சாய்த்துவிடும், அதற்கு வைத்தியம் வேறு.

அப்புறம், பக்கத்துத் தோப்புக்காரர் மருந்து அடிக்க ஆள் சொல்லிவிட்டார் என்று காதில் விழுந்தால், ஸ்பிரேயர் வந்து நிற்பதற்குள் லென்ஸும் ஒரு கீற்றுமாக அவரிடம் போய்விடுங்கள். அந்த வட்ட ஓட்டையை அவருக்குக் காட்டுங்கள்.