டாங்கி வேறு, பீரங்கி வேறு

ராணுவத்தில் ஓய்வு கொடுக்கப்பட்ட விஜயந்தா என்ற போர் வண்டி ஒன்றை ஒரு பூங்கா வாசலில் மேடை கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். புதிதாகப் பச்சைச் சாயம் அடித்து, சுற்றிலும் சங்கிலி போட்டு, நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் கறுப்புக் கல், தங்க நிற எழுத்து: ‘விஜயந்தா பீரங்கி’. போன மாதம் அக்கா மகனை அங்கே கூட்டிப் போயிருந்தேன். கல்லைப் படித்துவிட்டு அவன் கேட்டான்: “பீரங்கின்னா அந்தக் குழாயா மாமா, இல்ல முழு வண்டியுமா?”

குழாய்தான் பீரங்கி. வண்டி, டாங்கி. அவனுக்குச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் ஆண்டுக்கணக்காகப் பார்த்துப் பொறுத்துக்கொண்டிருந்த தவறு கல்லிலேயே ஏறிவிட்டதைப் பார்த்த பிறகு விரிவாக எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் சொல்லின் பிறப்பு. ஆங்கிலத்தில் டேங்க் என்றால் தொட்டி, நீர்நிலை. போர்த்துகீசிய மொழியின் ஒரு சொல்லும், குஜராத்தியிலும் மராத்தியிலும் நீர்த்தொட்டியைக் குறிக்கும் டாங்கி, டாங்கே போன்ற சொற்களும் கலந்து அங்கே போனதாகச் சொல்வார்கள். நம் ஏரி, குளங்களை வெள்ளைக்காரர்கள் பதிவேடுகளில் டேங்க் என்றே எழுதினார்கள். நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இன்றும் இருக்கிறது. 1915இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரத்து ஆலை ஒன்றில் இந்தப் புதிய போர் வண்டியை ரகசியமாகச் செய்தபோது, வெளியே கேட்பவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் தொட்டி என்று சொல்லிவைத்தார்கள். அந்த மறைப்புப் பெயரே ஒட்டிக்கொண்டது. 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்முனையில் அது முதன்முதலாகக் களமிறங்கியபோதும் அதே பெயர்தான்.

பீரங்கியின் கதை இன்னும் சுருக்கம். ஐரோப்பியரை அரபியிலும் பாரசீகத்திலும் ஃபிரங்கி என்றார்கள். நம்மிடம் அது பரங்கி ஆனது. பரங்கியர், பரங்கிமலை, பரங்கிக்காய் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் கொண்டுவந்த பெரிய வெடிகுழல் பீரங்கி ஆயிற்று.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், டாங்கி என்று எழுதினால் சிலர் “அது ஆங்கிலம், பீரங்கி என்று தமிழில் எழுதுங்கள்” என்று திருத்துகிறார்கள். இரண்டுமே வந்த சொற்கள். ஒன்று முன்னால் வந்தது, இன்னொன்று பின்னால் வந்தது, அவ்வளவுதான். தூய்மையை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. தெளிவை வைத்துத்தான் தீர்க்க வேண்டும்.

தெளிவு என்று வந்தால் பீரங்கி நிற்காது. தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் பீரங்கி என்றதும் நினைவுக்கு வருவது போஃபர்ஸ். 1986இல் வாங்க ஒப்பந்தம் போட்டு, ஊழல் குற்றச்சாட்டால் நாடே பேசி, 1999இல் கார்கிலில் மலைமுகடுகளை நோக்கிச் சுட்டது அந்த 155 மி.மீ. பீரங்கி. அதை வண்டி இழுத்துப் போகும். ஓரிடத்தில் ஊன்றி நிறுத்தி, குழலை வானத்தைப் பார்க்கத் தூக்கி, 20 கி.மீ.க்கும் அப்பால் உள்ள இலக்கைச் சுடுவார்கள். சுடுகிறவர் கண்ணுக்கு இலக்கு தெரியாது; வேறெங்கோ உட்கார்ந்து பார்ப்பவர் சொல்லச் சொல்லத் திருத்திக்கொள்வார்கள். டாங்கியின் வேலை அப்படியே நேர்மாறு. எதிரியைக் கண்ணால் பார்த்து, ஓடி, நின்று, ஓடிக்கொண்டேயும் நேராகச் சுடுவது. விஜயந்தாவில் தூரம் கணிக்க முதலில் 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுப் பார்ப்பார்கள். அந்தத் தோட்டா இலக்கில் பட்டது கண்ணுக்குத் தெரிந்ததும் பெரிய குழல் முழங்கும். பார்ப்பதும் சுடுவதும் ஒரே வண்டிக்குள். இந்திய ராணுவத்திலும் இரண்டும் ஒரே படை அல்ல: டாங்கிகளை ஓட்டும் கவசப் படைக்கு அகில்யாநகரில் (முன்பு அகமதுநகர்) பள்ளி, பீரங்கிப் படைக்குத் தேவ்லாலியில் பள்ளி. ராணுவம் இத்தனை அக்கறையாகப் பிரித்து வைத்திருப்பதை நாம் ஒரே சொல்லில் குழைத்துவிடுகிறோம்.

விஜயந்தாவின் கதையையே எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் வெளிநாட்டுக்கு விற்பதற்கென்றே வடிவமைத்த முதன்மை டாங்கி அது. பிரிட்டிஷ் ராணுவம் தனக்குச் சீஃப்டன் என்ற கனத்த டாங்கியை வைத்துக்கொண்டது. விக்கர்ஸ் டாங்கியை அது சேர்த்துக்கொள்ளவே இல்லை. விலை குறைவாக, எடை குறைவாக, பழுதுபார்க்க எளிதாக ஒரு டாங்கி கேட்ட நாடுகளுக்காக 105 மி.மீ. எல்7 பீரங்கியையும், சீஃப்டனுக்காக உருவான லேலண்ட் எல்60 எஞ்சினையும் ஒரே உடலில் பொருத்தினார்கள். எடை சுமார் 39 டன். உள்ளே நான்கு பேர். 1961இல் இந்தியாவோடு ஒப்பந்தம். 1963இல் முன்மாதிரிகள். முதல் வண்டிகள் இங்கிலாந்திலிருந்து வந்தன. பிறகு ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கி, 1980களின் தொடக்கம்வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட விஜயந்தாக்களைச் செய்தார்கள். விக்கர்ஸிடமிருந்து குவைத் 70 வாங்கியது. எஞ்சினை மாற்றி, பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேற்பகுதியான சுழல்கூண்டைத் திருத்திச் செய்த மார்க் 3 என்ற பிந்தைய வகை கென்யாவுக்கும் நைஜீரியாவுக்கும் போனது. இடையில் ஏவுகணைகளையும் சுமக்க நினைத்த மார்க் 2 செய்யப்படாமலே நின்றுவிட்டது.

என் பெரியப்பா ஆவடியில் வேலை பார்த்தவர். அங்கே யாரும் பீரங்கித் தொழிற்சாலை என்று சொல்லிக் கேட்டதில்லை, ‘டேங்க் ஃபேக்டரி’தான். சிறுவயதில் நானும் ஒருநாள் விஜயந்தாவைப் பீரங்கி என்று சொல்லிவிட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “டேங்க்ல கன் இருக்கும்பா. கன்னே டேங்க் ஆயிடாது.” அப்புறம் கார்த்திக் என்ற வண்டியைப் பற்றிச் சொன்னார். விஜயந்தாவின் அடிச்சட்டம், அதே இரும்புச் சங்கிலித்தடம். ஆனால் மேலே சுழல்கூண்டும் இல்லை, பீரங்கியும் இல்லை. மடித்து வைத்த பாலம் ஒன்று இருக்கும். வாய்க்காலைக் கண்டால் முன்னே போய்ப் பாலத்தை விரித்துப் போடும். பின்னால் வரும் டாங்கிகள் அதன்மேல் ஏறிக் கடக்கும். இதைப் ‘பாலம் போடும் பீரங்கி’ என்று எழுதினால் படிப்பவருக்கு என்ன புரியும்?

இன்னொரு வகை இதற்கும் மேலே. ரஷ்யாவின் 130 மி.மீ. எம்-46 பீரங்கியைத் தூக்கி அதே விஜயந்தா அடிச்சட்டத்தில் ஏற்றினார்கள். பெயர் கேட்டபல்ட். 25 கி.மீ.க்கு மேல் சுடும். சங்கிலித்தடத்தில் ஓடும், குழல் நீட்டிக்கொண்டிருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் டாங்கி என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் அது டாங்கி இல்லை. அது போய்ச் சேர்ந்தது பீரங்கிப் படையிடம். ஒரே அடிச்சட்டத்தில் ஒன்று டாங்கி, ஒன்று பாலம், ஒன்று பீரங்கி. மூன்றுக்கும் பெயர் பீரங்கி என்றால், விஜயந்தாவின் வகைகளைப் பற்றித் தமிழில் நாலு வரிகூட எழுத முடியாது. எல்7 குழலைப் பற்றிச் சொல்ல வரும்போது ‘பீரங்கியின் பீரங்கி’ என்றுதான் முடியும். (வகை என்றே எழுதுகிறேன். ஆங்கிலத்தின் வேரியன்ட் என்பதை ‘மாறுபாடுகள்’ என்று சிலர் எழுதுகிறார்கள். மாறுபாடு என்பது இரண்டு பொருள்களுக்கு இடையே உள்ள வேறுபாடு. மாறி நிற்கும் பொருள் அல்ல.)

இது சொல்லாராய்ச்சிக்காரர்களின் சண்டை மட்டும் அல்ல, செய்தியே தவறிப்போகிறது. 2022 ஜூனில் ஜெர்மனி உக்ரைனுக்குத் தானே ஓடும் 155 மி.மீ. பீரங்கிகளைக் கொடுத்தது. லெப்பர்ட் 2 டாங்கிகளைக் கொடுக்க மட்டும் பல மாதம் தயங்கி, கடைசியில் 2023 ஜனவரி 25 அன்றுதான் ஒப்புக்கொண்டது. உலகமே கவனித்த முடிவு அது. நான் பார்த்த தமிழ்ச் செய்திகளில் இரண்டுக்குமே பீரங்கிதான். ஜூனில் பீரங்கி கொடுத்த நாடு, ஜனவரியில் பீரங்கி கொடுக்க ஏன் தயங்குகிறது? தமிழில் மட்டும் படித்தவருக்கு இந்தக் கேள்விக்கு விடை கிடைத்திருக்காது. மொழிபெயர்த்தவர் அவசரத்தில் இருந்திருப்பார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படிப்பவர் ஏமாறுகிறாரே!

‘பீரங்கி எதிர்ப்பு ஏவுகணை’ இதே வகைதான். இந்தியாவின் நாக் ஏவுகணையைப் பற்றி எப்போது செய்தி வந்தாலும் இந்தத் தொடர் வரும். நாக் பீரங்கியை எதிர்க்கச் செய்ததல்ல. மேலெழும்பி, டாங்கியின் கவசம் மெலிந்த கூரையில் பாய்வதற்காகச் செய்தது. கவசம் என்ற எண்ணமே பீரங்கி என்ற சொல்லில் இல்லை. அது இல்லாமல் நாக் ஏன் மேலிருந்து தாக்குகிறது என்பதை எப்படி விளக்குவது?

பீரங்கி வண்டி என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள். வண்டி என்பதாவது உள்ளே வந்தது. ஆனால் கேட்டபல்ட் முன்னால் வந்து நின்றால் அந்தச் சொல்லும் தடுமாறும், ஏனென்றால் நியாயமாகப் பார்த்தால் பீரங்கி வண்டி என்ற பெயருக்கு உரியது அதுதான். கவச வாகனம் என்பதோ மிக அகலம். வீரர்களை ஏற்றிப்போகும் வண்டியும் கவச வாகனம்தான், வங்கிப் பணம் கொண்டுபோகும் வண்டியும் கவச வாகனம்தான்.

இலங்கைத் தமிழர்கள் தாங்கி என்கிறார்கள். திருகோணமலை எண்ணெய்த் தாங்கி, நீர்த்தாங்கி, யுத்தத் தாங்கி. ஒலியும் ஒட்டுகிறது, சுமைதாங்கி, இடிதாங்கி போன்ற சொற்களின் வரிசையில் பொருளும் ஒட்டுகிறது. ஆங்கிலத்தில் தொட்டிக்கும் வண்டிக்கும் ஒரே சொல் இருப்பதுபோலவே அங்கேயும் அமைந்துவிட்டது. அவர்கள் வழக்கில் அது உறுதியாக நிற்கிறது, அதில் கைவைக்க எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. தமிழ்நாட்டில் தாங்கி அப்படி வேரூன்றவில்லை.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் எழுதும் தகரி என்ற சொல்மேல் எனக்குப் பிரியம் உண்டு. தகர்ப்பது தகரி என்பார்கள். எனக்குப் பிடித்தது வேறு காரணத்துக்காக. பழந்தமிழில் தகர் என்றால் ஆட்டுக்கடா. மோதுவதற்கு முன் பின்வாங்கும் கடாவைத்தான் வள்ளுவர் ‘பொருதகர்’ என்கிறார். டாங்கியை ஓட்டியவர்களுக்கு அந்தப் படம் புரியும். மற்ற மொழிகளிலும் இப்படிப் படம் பிடித்தவர்கள் இருக்கிறார்கள்: ஜப்பானியர் போர்த்தேர் என்றார்கள், போலந்துக்காரர்கள் ஊர்வது என்றார்கள், ஜெர்மானியர் கவசம் என்றே அழைத்தார்கள். ஆனால் தகரி என்று இன்று சொன்னால் கேட்பவர் காதில் முதலில் விழுவது தகரம். 39 டன் எஃகுக்குத் தகரத்தின் சாயல் வருவதை என்னால் ஏற்க முடியவில்லை. ரஷ்யர்கள் டேங்க் என்றே எழுதிக்கொண்டு உலகத்துக்கே டாங்கி விற்கவில்லையா? டாங்கி தமிழ் ஒலிக்கு அடங்கிய சொல். டாங்கியை, டாங்கிக்கு, டாங்கிகள் என்று உருபும் பன்மையும் முரண்டு பிடிக்காமல் ஏற்கும். அது போதும்.

மிச்சம் இருப்பது ‘முதன்மை’. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனில் காலாட்படையோடு மெல்ல நகரும் கனத்த டாங்கி தனி, வேகமாக ஓடிச் சூழ்வது தனி. மற்ற நாடுகளிலும் இலகு, நடுத்தரம், கனம் என்று பிரித்திருந்தார்கள். போருக்குப் பிறகு பிரிட்டனின் செஞ்சூரியன் போன்ற டாங்கிகள் ஓட்டமும் கவசமும் அடியும் ஒரே வண்டியில் கூடும் என்று காட்டின. எல்லா வேலைக்கும் அந்த ஒரு வகையே முதன்மையாக நின்றது. ஆங்கிலத்தில் அதற்கு மெயின் பேட்டில் டேங்க் என்று பெயர். இதை ‘முதன்மைப் போர் டாங்கி’ என்று சொல்லுக்குச் சொல் எழுதினால், முதன்மை போய்ப் போரோடு ஒட்டிக்கொள்கிறது. ஏதோ முதன்மைப் போர் ஒன்று நடப்பதாகவும் அதற்கான டாங்கி இது என்றும் படிக்கத் தோன்றும். கணினி மொழிபெயர்ப்பில் ‘முக்கியப் போர்த் தொட்டி’ என்றுகூடப் பார்த்துவிட்டேன். டாங்கி என்றாலே போருக்கானது என்று தமிழில் தெரியும். நடுவில் போர் எதற்கு? முதன்மை டாங்கி. சரி, முடிந்தது.

அந்தப் பூங்காவைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். கல்லை மாற்றும்போது இப்படி வெட்டலாம் என்று கேட்டிருக்கிறேன்: ‘விஜயந்தா. முதன்மை டாங்கி. 105 மி.மீ. பீரங்கி பூட்டியது. ஆவடியில் செய்தது.’