ஹைப்போவும் ஹைப்பரும்: காதில் விழாத ஓர் அசை

ஒரு மழை நாள். ஹட்டன் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு மகள் போன் எடுத்தாள். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போன அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, பேச்சுக் குளறுகிறது. "போன்ல கேட்டப்போ ஹைப்பர்னு சொன்னாங்க மிஸ், அதான் சீனி ஒண்ணும் குடுக்கல."

காலையில் சீனி வியாதிக்கான மாத்திரையைப் போட்டுவிட்டு, ரொட்டி கூடச் சாப்பிடாமல் மலையேறியவர் அந்த அம்மா. ஹைப்பர் இல்லை, ஹைப்போ: இரத்தத்தில் சீனி கூடவில்லை, குறைந்திருந்தது. சீனித் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். கால் மணி நேரத்தில் தெளிந்தார்.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். ஹைப்போவின் முழுப் பெயர் ஹை-போ-கிளை-சீ-மி-யா: ஆறு அசைகள். ஆங்கிலத்தில் நான்காவதான 'சீ'யில் முழு அழுத்தம், 'ஹை'யில் கொஞ்சம். ஹை-பர்-கிளை-சீ-மி-யாவிலும் அப்படியேதான். இரண்டையும் பிரித்துக் காட்டுவது இரண்டாம் அசை மட்டும். அதில் அழுத்தமே இல்லை. பிரித்தானிய உச்சரிப்பில் 'பர்' என்பதன் 'ர்' கூட ஒலிக்காது. சிக்னல் விட்டுவிட்டு வரும் மலையில் எது கேட்கும்? ஹைப்போடென்ஷன் (இரத்த அழுத்தக் குறைவு), ஹைப்பர்டென்ஷனிலும் (இரத்த அழுத்தக் கூடுதல்) இதே சிக்கல்தான்.

கிரேக்கத்தில் 'ஹுப்போ' கீழே, 'ஹுப்பேர்' மேலே. 'கிளுக்குஸ்' இனிப்பு, குளுக்கோஸும் அந்தக் குடும்பம்தான். 'ஹைமா' இரத்தம், அனீமியாவின் வாலிலும் ஹீமோகுளோபினின் தலையிலும் இருப்பது அதுவே. சேர்த்துப் பார்த்தால், இரத்தத்தில் இனிப்புக் குறைவு, இரத்தத்தில் இனிப்புக் கூடுதல். நம் வாயில் ஏற்கெனவே இருக்கிற பேச்சு இது.

அதனால் போனில் அந்த இரண்டு சொல்லும் வேண்டாம். "சீனி குறைஞ்சிருக்கு", "சீனி கூடியிருக்கு" என்றே சொல்லுங்கள். சீனி பார்க்கும் மெஷின் காட்டும் எண்ணையும் சொல்லுங்கள். 70 mg/dL-க்குக் கீழே என்றால் குறைவு. மெஷின் இல்லை, ஆனால் சீனி வியாதிக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவருக்கு வேர்வையும் நடுக்கமும் இருக்கிறது என்றால், குறைவு என்றே எடுத்துக்கொண்டு மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரிலோ ஆறிய பிளேன்டீயிலோ கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் சாப்பாடு. நினைவில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, 1990 ஆம்புலன்ஸுக்கு அழையுங்கள்.