ஸ்ரூடியோவில இருக்கிற லைசன்ஸ் ஆற்ற பேரில?

போன ஆவணியில ஒரு நாள், காலமை 10 மணி இருக்கும், கோண்டாவில் பக்கம் ஒரு ஸ்ரூடியோவில இருந்து கோல் வந்தது. "தம்பி, ரெண்டு கொம்பியூட்டரிலயும் போட்டோஷொப் ஓப்பின் ஆகுதில்லை, லைட்ரூம் திறக்குது ஆனால் டெவலப்பை அமத்தினால் ஒண்டும் நடக்குதில்லை, பின்னேரம் பொம்பிளை வீட்டுக்காரர் அல்பம் பாக்க வருகினம், கெதியா ஒருக்கா வாங்கோ" எண்டார். அவர் வைரஸ் எண்டுதான் பயந்துபோய் நிண்டவர். போய்ப் பாத்தால் வைரஸ் இல்லை, போட்டோஷொப்புக்கும், படங்களை அடுக்கி டெவலப் எண்ட பகுதியில கலர் திருத்திற லைட்ரூமுக்கும் மாசம் மாசம் கட்டுற சந்தா நிண்டுபோச்சு. பாங்க் காட் எக்ஸ்பயர் ஆகி புதுக் காட் வந்திருக்கு, அதை எக்கவுண்டில ஒருத்தரும் மாத்தேல்லை, மாசக் காசு கழியேல்லை, அவ்வளவுதான் விசயம்.

காட் நம்பர் மாத்திறது அஞ்சு நிமிச வேலை. ஆனால் மாத்த எக்கவுண்டுக்குள்ள போகோணுமே. அந்த எக்கவுண்டைத் திறந்தது முந்தி அங்க எடிட்டிங் செய்த பெடியன், தன்ர சொந்த ஈமெயிலைக் குடுத்துத் திறந்திருக்கிறான், அவன் கனடா போய் ரெண்டு வருசம். பாஸ்வேட் ஒரு துண்டில எழுதி மொனிட்டர் ஓரத்தில ஒட்டிக் கிடக்கு, அது சரியாத்தான் இருக்கு, ஆனால் அடிச்சவுடன உறுதிப்படுத்திற கோட் அவன்ர ஈமெயிலுக்குப் போகுது. இஞ்ச 10 மணி எண்டால் டொரன்டோவில அப்ப இரவு 12.30. வட்சப்பில மூண்டு தரம் எடுத்தும் பதில் இல்லை, பிறகு இணுவிலில இருக்கிற அவன்ர அம்மாவுக்கு எடுத்து, அவ மகளுக்கு எடுத்து, கடைசியா நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்த பெடியன் கோட்டை அனுப்பேக்க எங்களுக்கு மத்தியானம் 1 மணி தாண்டீட்டுது. முதல் அனுப்பின கோட் நாங்கள் அடிக்கிறதுக்கிடையில காலாவதியாப் போச்சு. ரெண்டாவது கோட் வேலை செய்தது. பொம்பிளை வீட்டுக்காரர் வர ஒரு மணித்தியாலம் இருக்கேக்கதான் போட்டோஷொப் திறந்தது.

நான் 16 வருசமா யாழ்ப்பாணத்தில கொம்பியூட்டர் சேர்விஸ் செய்யிறன், அதில பாதிக்கு மேல ஸ்ரூடியோக்கள்தான். களவு சொப்ட்வெயாரை விட்டிட்டு காசு குடுத்து லைசன்ஸ் எடுக்கிற ஆக்கள் இப்ப கூடியிருக்கினம், அது உண்மையிலயே எனக்குச் சந்தோசம். ஆனால் எடுத்த லைசன்சை எப்பிடி வைச்சிருக்கிறது எண்டு ஒருத்தரும் அவைக்குச் சொல்லிக் குடுக்கேல்லை. அதுக்குத்தான் இதை எழுதுறன்.

பழைய ஆக்களுக்கு இன்னும் மனசில நிக்கிறது சீடி காலத்துப் பழக்கம். 2012இல வந்த போட்டோஷொப் சீஎஸ்6 வரைக்கும் அப்பிடித்தான், ஒரு சீரியல் நம்பர், அதை ரெண்டு கொம்பியூட்டரில அக்டிவேட் பண்ணலாம், மூண்டாவதில போடோணும் எண்டால் முதல் ஒண்டில டீஅக்டிவேட் குடுக்கோணும். 2013இல போட்டோஷொப்பைச் செய்யிற அடோபி கொம்பனி இனி சந்தா மட்டும்தான் எண்டு அறிவிச்சிட்டுது. அண்டையில இருந்து லைசன்ஸ் கொம்பியூட்டரில இல்லை, எக்கவுண்டில இருக்கு. எக்கவுண்ட் ஆரின்ர ஈமெயிலோ லைசன்ஸ் அவருக்குத்தான். உங்கட காசில, உங்கட கடையில, உங்கட கொம்பியூட்டரில ஓடினாலும் ஈமெயில் வேற ஆளின்ர எண்டால் திறப்பு அவற்ற கையிலதான்.

அதால முதல் வேலை, கடைக்கெண்டு ஒரு ஈமெயில் திறவுங்கோ. வேலை செய்யிற பெடியன்ர ஈமெயில் வேண்டாம், மகன்ர பப்ஜி விளையாடுற ஈமெயிலும் வேண்டாம். கோட் வாற போன் நம்பர் முதலாளியின்ர நம்பரா இருக்கட்டும். காட் எக்ஸ்பயர் ஆகிற மாசத்தை கடைக் கலண்டரில பெரிசா எழுதி வையுங்கோ.

அடுத்தது எத்தினை கொம்பியூட்டர் எண்ட கதை. தனியாள் சந்தாவில ரெண்டு கொம்பியூட்டரில சைன் இன் பண்ணி வைக்கலாம், ஆனால் அது ஒரு ஆளுக்குரியது, கடையில ஒண்டு வீட்டில ஒண்டு எண்டு அதே ஆள் மாறி மாறிப் பாவிக்கிறதுக்கு. ரெண்டு பேர் ஒரே நேரத்தில இருந்து எடிட் பண்ணுறதுக்கு இல்லை. மூண்டாவதில சைன் இன் குடுத்தால் மற்ற ஒண்டில இருந்து வெளியேறச் சொல்லும். நெல்லியடியில ஒரு இடத்தில பாத்தன், நாலு பெடியள், ஒரு எக்கவுண்ட், நாள் முழுக்க ஒருத்தனை ஒருத்தன் வெளியால தள்ளிக்கொண்டு இருக்கிறாங்கள், ஒருத்தன் சாமத்திய வீட்டு அல்பத்தில அரைவாசியில நிக்கிறான், மற்றவன் சைன் இன் பண்ண இவனுக்கு மெசேஜ் வருது. அவங்களுக்க சண்டை வந்ததே இதாலதான். நாலு பேர் இருந்து வேலை செய்யிறதெண்டால் நாலு பேருக்கும் லைசன்ஸ் வேணும், அதுக்கு டீம்ஸ் எண்டு வேற சந்தா இருக்கு. விலை கூட, ஆனால் முதலாளி தன்ர பக்கத்தில இருந்து ஒரு பெடியன்ர லைசன்சை எடுத்து புதுசா வாற பெடியனுக்கு மாத்திக் குடுக்கலாம். எங்கட ஊரில பெடியள் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறபடியால் இது எங்களுக்குப் பெரிய விசயம்.

நாலு பேரும் முழுநேரம் போட்டோஷொப்பிலயா இருக்கினம் எண்டும் யோசிச்சுப் பாருங்கோ. படம் தெரிவு செய்யிறவருக்கும் பிறின்ற் எடுக்கிறவருக்கும் அது தேவையே இல்லாமல் இருக்கலாம்.

கொம்பியூட்டரை ஃபோமட் அடிக்க முதல், விக்க முதல், சைன் அவுட் பண்ணுங்கோ. மறந்துபோனாலும் கடை ஈமெயில் இருந்தால் புதுக் கொம்பியூட்டரில சைன் இன் பண்ணேக்க பழையதை வெளியேத்தலாம். ஈமெயில் இல்லாட்டி மேல சொன்ன கதைதான்.

இனி அப்கிரேட். இதிலதான் கூடக் கரைச்சல். அடோபியின்ர சொப்ட்வெயார்களை இறக்கி அப்டேட் பண்ணுற கிரியேட்டிவ் கிளவுட்டில அப்டேட் எண்டு நீலப் பட்டன் தெரியும், பெடியள் அமத்திப்போட்டு தேத்தண்ணி குடிக்கப் போயிடுவாங்கள். அமத்த முதல் அதுக்குள்ள மேலதிகத் தெரிவுகள் எண்டு ஒண்டு வரும், அதைத் திறந்து பாருங்கோ. பழைய வேர்ஷனை அழிக்கவா எண்ட இடத்தில ஏற்கனவே சரி போட்டிருக்கும், அந்தச் சரியை எடுத்து விடுங்கோ. பழைய செட்டிங்சைக் கொண்டுவரவா எண்டதில சரி இருக்கட்டும். பழையது ஒரு மாசம் பக்கத்திலயே கிடந்தால் என்ன குறைஞ்சு போகுது, புதுசில ஏதும் சரிவராட்டி அண்டைக்கு ராவே பழையதில வேலையை முடிக்கலாம். வெளியாலை வாங்கிப் போட்ட பிளகின்கள், அதாவது போட்டோஷொப்புக்குள்ள சேர்த்துப் பாவிக்கிற துணைச் சொப்ட்வெயார்கள், தானா வராது, திரும்பப் போடோணும். அக்ஷன்களை, அதாவது ஒரே வேலையை ஒரு அமத்தில திரும்பத் திரும்பச் செய்யப் பதிஞ்சு வைச்ச படிமுறையளை, ஏடிஎன் ஃபைலா சேவ் பண்ணி பென்ட்ரைவில எடுத்து வையுங்கோ, வருசக்கணக்கா சேர்த்த அக்ஷன் ஒரு நாளில இல்லாமல் போய் ஒரு அண்ணை கண் கலங்கி நிண்டதை நான் கண்டனான்.

லைட்ரூம் கிளாசிக் வைச்சிருக்கிறவை இதை வடிவா வாசியுங்கோ. புது வேர்ஷனுக்கு மாறேக்க அது கட்டலொக்கை, அதாவது எந்தப் படம் எங்க கிடக்கு, அதில என்ன திருத்தம் செய்தது எண்ட பதிவு ஃபைலை, அப்கிரேட் பண்ணி புதுசா ஒண்டு செய்யும், பழைய கட்டலொக் அப்பிடியே இருக்கும். நீங்கள் புதுசில மூண்டு நாள் இருந்து 2000 படத்துக்கு கலர் சரி செய்துபோட்டு, எக்ஸ்டேனல் ஹாட்டிஸ்கை கழட்டிக்கொண்டுபோய் மற்றக் கொம்பியூட்டரில குத்தினால், அதில பழைய லைட்ரூம் எண்டால் அந்தப் புதுக் கட்டலொக்கைத் திறக்கவே மாட்டுது. பழைய கட்டலொக்கைத் திறந்தால் மூண்டு நாள் வேலை அதில இல்லை. ஹாட்டிஸ்க் மாறி மாறிப் போற ரெண்டு கொம்பியூட்டரையும் ஒரே நாளில அப்கிரேட் பண்ணுங்கோ. ஏற்கனவே மாட்டுப்பட்டிட்டியள் எண்டால், புதுசு இருக்கிற கொம்பியூட்டரில எல்லாப் படத்தையும் தெரிவு செய்து கன்ட்ரோல் எஸ் குடுங்கோ, ரோ படத்துக்கு (கமரா எடுத்தபடியே இருக்கிற மூல ஃபைல்) பக்கத்தில எக்ஸ்எம்பி எண்டு சின்னச் சின்ன ஃபைல் வரும், கலர் வேலை அதுக்குள்ள போயிடும், பழையதில அதை வாசிப்பிக்கலாம். ஆனால் கலெக்ஷன் எண்டு பிரிச்சு வைச்சது அதுக்குள்ள வராது. கட்டலொக்கை நெற்வேர்க் டிரைவில வைச்சு எல்லாரும் திறக்கலாம் எண்டு சிலர் கேக்கினம், ஏலாது, படங்களை அங்க வைக்கலாம், கட்டலொக்கை வைக்க விடாது.

பேந்து ஃபொன்ட். எங்கட கலியாண அல்பத்தின்ர முன்பக்கம், சாமத்திய வீட்டுப் பனர் எல்லாம் இன்னும் கனக்க பாமினியிலதான் கிடக்கு. பாமினி யூனிகோட் இல்லை, இங்கிலீசு எழுத்துகளின்ர இடத்தில தமிழ் வடிவத்தை வைச்ச ஃபொன்ட். புதுக் கொம்பியூட்டரில அந்த ஃபொன்ட் இல்லாமல் பழைய பீஎஸ்டி எண்ட போட்டோஷொப் ஃபைலைத் திறந்து, ஃபொன்ட் இல்லை மாத்தவா எண்டு கேக்கேக்க ஓம் குடுத்தால், மாப்பிள்ளை பொம்பிளையின்ர பேர் இருந்த இடத்தில இங்கிலீசு எழுத்துகள் ஒரு அர்த்தமும் இல்லாமல் வரிசையா நிக்கும். அப்ப சேவ் பண்ணாமல் மூடுங்கோ, ஃபொன்டைப் போட்டிட்டுத் திரும்பத் திறவுங்கோ. போடேக்க ரைட் கிளிக் பண்ணி எல்லாப் பாவனையாளருக்கும் எண்ட தெரிவைக் குடுங்கோ, இல்லாட்டி விண்டோசில வேற பேரில லொகின் பண்ணுற பெடியனுக்கு அது தெரியாது.

கொம்பியூட்டர் தாங்குமா எண்டும் முதலே பாக்கோணும். இப்பத்தைய போட்டோஷொப்புக்கு 8 ஜிபி ராம் ஆகக்குறைஞ்சது, 16 இருந்தால்தான் ஆறுதலா வேலை செய்யலாம், கிராஃபிக் காட் டைரக்ட்எக்ஸ் 12க்கு ஒத்துவரோணும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஓட பொதுவான சப்போட்டை நிப்பாட்டீட்டுது, அதையும் கணக்கில எடுங்கோ. மற்றப் பக்கம், சீஎஸ்6ஐ விடமாட்டன் எண்டு இருக்கிறவைக்கு அதில ரோ ஃபைலைத் திறக்கிற கமரா ரோ எண்ட பகுதிக்கு அப்டேட் வாறது 2015ஓட நிண்டுபோச்சு, பிறகு வந்த கமராவின்ர ரோ ஃபைல் திறக்காது. ரோவை டீஎன்ஜி எண்ட பொது வடிவத்துக்கு மாத்திற அடோபியின்ர டீஎன்ஜி கொன்வேட்டர் இலவசம், அதால மாத்திப்போட்டுத் திறக்கலாம்.

காசு விசயத்தையும் மறைக்காமல் கதைப்பம். டொலர் 200 ரூபா நிக்கேக்க போட்டோஷொப்பும் லைட்ரூமும் சேர்ந்த அப்பத்தைய 9.99 டொலர் பிளான் மாசம் 2000 ரூபா, 2022இல டொலர் 360 தாண்டேக்க அதே பிளான் 3600 ரூபா, அதுவும் கரண்ட் இல்லாமல் கலியாணமும் குறைஞ்ச நேரம். அப்ப கன பேர் திரும்ப கிராக்குக்கு, அதாவது பூட்டை உடைச்ச களவு சொப்ட்வெயாருக்கு, போனவை, அவையை நான் குறை சொல்ல மாட்டன். ஆனால் போனவையில ஒரு ஸ்ரூடியோவுக்கு என்ன நடந்தது எண்டால், ஒரு நாள் ஒவ்வொரு படத்தின்ர பேருக்குப் பின்னாலயும் விளங்காத நாலு எழுத்து, ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளயும் ரீட்மி எண்டு ஒரு குறிப்பு, 980 டொலர் கட்டு, 72 மணித்தியாலத்துக்குள்ள எண்டால் 490. ஸ்டொப் டிஜேவு எண்டு சொல்லுற, ஃபைல்களைப் பூட்டிவைச்சுக் காசு கேக்கிற ரான்சம்வெயார், கிராக்கோடயும் களவு சீரியல் நம்பர் செய்யிற கீஜென்னோடயும் ஒட்டிக்கொண்டு வாறது. செருகிக் கிடந்த பக்கப் ஹாட்டிஸ்கும் சேர்ந்து போச்சு. ரெண்டு கலியாணம், ஒரு அந்தியேட்டி. அந்தியேட்டிப் படத்தைத் திரும்ப எடுக்கவும் ஏலாது. பக்கப் எடுத்தவுடன ஹாட்டிஸ்கைக் கழட்டி அலுமாரிக்குள்ள வையுங்கோ.

சட்டமும் இருக்கு, 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம், களவு சொப்ட்வெயார் எண்டு தெரிஞ்சுகொண்டு வியாபாரத்துக்குப் பாவிச்சால் 5 லட்சம் வரை தண்டம் இல்லாட்டி 6 மாசம் வரை மறியல், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். காசு இல்லாட்டி போட்டோஷொப் மாதிரி வேலை செய்யிற கிம்ப் இலவசம், அதே மாதிரி அஃபினிட்டியும் 2025 ஒக்டோபரில இருந்து இலவசம், அதுக்கு ஒரு கன்வா எக்கவுண்ட் போதும். பழக ஒரு மாசம் எடுக்கும். சந்தா எடுக்கிறவை இதைக் கவனியுங்கோ, வருசப் பிளானை மாசம் மாசம் கட்டுறதெண்டால் 14 நாளுக்குப் பிறகு இடையில நிப்பாட்டினால் மிச்ச மாசங்களின்ர காசில அரைவாசியை எடுப்பினம். ஆடியில நிப்பாட்டி ஆவணியில எடுப்பம் எண்ட கணக்கு சரிவராது.

அப்கிரேட்டுக்கு எது நல்ல நேரம் எண்டு கேட்டால் நான் சொல்லுறது மார்கழி. பெரிய வேர்ஷன் வழமையா ஒக்டோபர் பக்கம் வரும், முதல் வாற பிழையள் திருத்துப்பட ரெண்டு மாசம் எடுக்கும், மார்கழியில கலியாணமும் இல்லை. ஒரு கொம்பியூட்டரை முதல் மாத்தி, ஒரு பழைய அல்பத்தைத் திறந்து, ஒரு பக்கம் பிறின்ற் எடுத்துப் பாத்து, ஒரு கிழமை விட்டு மற்றதுகளை மாத்துங்கோ. ஹாட்டிஸ்க் மாறிப் போற லைட்ரூம் கொம்பியூட்டர்களுக்கு மட்டும் அந்தக் கிழமையில ஹாட்டிஸ்கை மாத்திக் குத்தாமல் வைச்சிருந்து, பிறகு சேர்த்து ஒரே நாளில செய்யுங்கோ. ஓட்டோ அப்டேட்டை நிப்பாட்டி வையுங்கோ, ஆவணியில தானா ஏறினால் ஒருத்தராலயும் ஒண்டும் செய்யேலாது.

உங்கட எக்கவுண்டும் வெளிநாடு போன பெடியன்ர ஈமெயிலில கிடக்குது எண்டால் மார்கழி வரைக்கும் பாத்துக்கொண்டிருக்காதேங்கோ. வாற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் 6.30க்கு எடுங்கோ, டொரன்டோவில அப்ப காலமை 8 இல்லாட்டி 9 மணி, எழும்பியிருப்பான். ஈமெயிலை மாத்தி முடியுமட்டும் ஒரு 15 நிமிசம் லைனில நிக்கச் சொல்லுங்கோ, கோட் வர வர அவன் வாசிக்க வாசிக்க நீங்கள் அடிக்கோணும்.