மயிரின்மை: ஓர் அரிய பிறவிக் குறைக்குத் தமிழ்ப் பெயர்

‘அலோபீசியா – இன்டலெக்சுவல் டிசபிலிட்டி சிண்ட்ரோம்’. மருத்துவ அறிக்கையில் ஒரு வரியை முழுதாக அடைத்துக்கொள்ளும் பெயர். இந்தக் குறையோடு பிறக்கும் குழந்தைக்குத் தலையில் முடி இருக்காது. இருந்தாலும் சீக்கிரமே கொட்டிவிடும். புருவம், இமைமுடி, உடல் ரோமம் எல்லாமே போய்விடுவதும் உண்டு. கூடவே அறிவு வளர்ச்சி பின்தங்கும். சிலருக்கு வலிப்பு வரும், சிலருக்குக் காது கேட்பது குறையும். மிக அரிதான நோய். மருத்துவ இதழ்களில் பதிவாகியிருப்பவை மிகச் சில குடும்பங்கள்தான். அவற்றில் பல பாகிஸ்தானைச் சேர்ந்தவை.

அரிய நோய் என்பதால் தமிழில் பெயர் வேண்டாம் என்று விட்டுவிட முடியாது. அந்த அறிக்கையைக் கையில் வாங்கும் தாய்க்குத் தன் பிள்ளைக்கு என்ன என்று தன் மொழியில் புரிய வேண்டும். அந்தப் பெயர் பிள்ளையை இழிவுபடுத்தவும் கூடாது. இந்த இரண்டையும் மனதில் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் பார்க்கலாம்.

‘அலோபீசியா’வின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ‘அலோபெக்ஸ்’ என்றால் நரி. சொறி பிடித்த நரிக்கு ரோமம் திட்டுத்திட்டாக உதிரும். அதைப் பார்த்த கிரேக்கர்கள் மனிதருக்கு முடி கொட்டுவதையும் ‘அலோபெகியா’ என்றார்கள். தலையைச் சுற்றிப் பட்டையாக முடி போவதற்கு ‘ஓபியாசிஸ்’ என்று இன்னொரு பெயர் வைத்தார்கள். அதன் வேர் பாம்பைக் குறிக்கும் சொல். நம் ஊரிலும் இப்படி ஓர் உயிரினப் பெயர் உண்டு. தலையில் காசளவு வட்டமாக முடி போனால் ‘புழுவெட்டு’ என்கிறோம். உண்மையில் அங்கே புழு எதுவும் வெட்டுவதில்லை. உடலின் எதிர்ப்பாற்றலே தன் மயிர்க்கால்களைத் தாக்குவதால் வருவது அது. அதனால் நம் பிறவிக் குறையைப் புழுவெட்டு என்று சொன்னால் தவறு. அது வேறு நோய்.

‘வழுக்கை’யும் பொருந்தாது. வழுவழுப்பைச் சொல்லும் நல்ல சொல்தான். இளநீரின் வழுக்கை நாவில் இனிக்கும். ஆனால் தலைக்கு வரும்போது அது வயதான ஆண்களை நினைவூட்டுகிறது. ‘சொட்டை’யும் ‘மொட்டை’யும் கேலிக்குப் போய்விட்டன. பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளை ஏற்கெனவே கேட்டு அழுத சொற்களை மருத்துவரும் சொல்லக் கூடாது. ‘முடி உதிர்தல்’ ஷாம்பு விளம்பரத்துக்கு உரியது. உதிர்ந்தது மறுபடி முளைக்கும் என்ற நம்பிக்கையும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் ‘முடியின்மை’ என்று வைக்கலாமா? சொல்லிப் பாருங்கள். ‘முடியாமை’ என்று காதில் விழும். ‘எதுவும் முடியாத பிள்ளை’ என்ற பொருள் நுழைந்துவிடும் ஆபத்து இருக்கிறது, அதுவும் அறிவு வளர்ச்சிக் குறையோடு சேர்த்துச் சொல்லும் பெயரில். முடி என்பது அரசர் தலையில் சூடிய மகுடத்துக்கும் கூந்தலைச் சேர்த்துக் கட்டும் முடிச்சுக்கும் உரிய சொல். தலைமயிருக்கு இன்று அதையே சொல்கிறோம், ஏனென்றால் ‘மயிர்’ வசைச்சொல்லாகிவிட்டது. வள்ளுவர் கூச்சமில்லாமல் ஆண்ட சொல் அது. இப்போதும் கூட்டுச்சொற்களுக்குள் அதன் மரியாதை கெடவில்லை. மயிரிழையில் தப்பினோம் என்கிறோம், மயிர்க்கூச்செறிகிறது என்கிறோம், மயிர்க்கால் என்கிறோம். யாரும் முகம் சுளிப்பதில்லை. அதனால் என் தேர்வு ‘மயிரின்மை’. ‘இன்மை’ என்பதால் பிறக்கும்போதே இல்லாததும் பிறந்தபின் போனதும் இரண்டும் அடங்கும். ‘இழப்பு’ என்றால் முதலாவது விடுபட்டுப் போகும்.

அடுத்து, மேலே தந்த ஆங்கிலப் பெயரில் இல்லாவிட்டாலும் தமிழ்ப் பெயரில் நான் சேர்க்க விரும்பும் சொல்: பிறப்போடு வருவதைச் சொல்லும் ‘கன்ஜெனிட்டல்’. லத்தீனில் ‘கூடவே பிறந்தது’ என்று பொருள். இதற்கு நாம் எங்கும் தேட வேண்டியதில்லை. மூதுரை ‘உடன்பிறந்தே கொல்லும் வியாதி’ என்று சொல்லிவைத்திருக்கிறது. லத்தீனுக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும் தொடர் அது. ஆனால் உடன்பிறந்தவர் என்றால் அண்ணன் தங்கை என்றே இன்று பொருள்படுவதால், ‘பிறவி’ என்பதே சிறந்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பிறவிக் குறை எல்லாம் மரபுவழி வந்ததாக இருக்க வேண்டியதில்லை. கருவிலிருக்கும்போது தாக்கும் தொற்றாலும் பிறவிக் குறை வரும். நாம் பேசும் நோயோ பிறவியும் மரபும் இரண்டும் சேர்ந்தது.

மூன்றாவது பகுதிதான் அதிகம் வலிப்பது. இந்த நோயின் பழைய ஆங்கிலப் பெயரில் ‘மென்டல் ரிடார்டேஷன்’ என்று இருந்தது. ‘டார்டஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு மெதுவானது என்று மட்டுமே பொருள். அதிலிருந்து பிறந்த ஆங்கிலச் சொல் தெருவில் திட்டும் சொல்லாக மாறியது. 2010-ல் அமெரிக்கா ‘ரோசாவின் சட்டம்’ மூலம் கூட்டரசுச் சட்டங்களிலிருந்து அதை நீக்கி ‘இன்டலெக்சுவல் டிசபிலிட்டி’ என்று மாற்றியது. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இந்தப் புதிய பெயரைத்தான் பயன்படுத்துகிறது. தமிழிலும் இதே பாதைதான். மந்தபுத்தி என்றோம், பிறகு மனவளர்ச்சி குன்றியவர் என்றோம், இப்போது அறிவுசார் குறைபாடு என்கிறோம். ‘மனவளர்ச்சி’ எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை. அம்மாவின் முகம் வாடினால் ஓடி வந்து கையைப் பிடிக்கும் குழந்தைக்கு மனம் வளரவில்லை என்று எப்படிச் சொல்வது? பின்தங்குவது கற்பதும் பேசுவதும் தன் வேலையைத் தானே செய்துகொள்வதும்தான். ‘அறிவுவளர்ச்சிக் குறைபாடு’ அதைச் சரியாகச் சொல்கிறது.

கடைசியாக ‘சிண்ட்ரோம்’. கிரேக்கத்தில் ‘சேர்ந்து ஓடுவது’. தனித்தனி அறிகுறிகள் ஒரே காரணத்தால் கூடி வருவதால் ‘கூட்டறிகுறி’ நன்றாக உட்காருகிறது.

சரி, முடியும் மூளையும் ஏன் சேர்ந்து பாதிக்கப்படுகின்றன? கருவில் மேல்தோலும் மயிர்க்காலும் நரம்பு மண்டலமும் ஒரே வெளியடுக்கிலிருந்து உருவாகின்றன. ஆகவே இரண்டையும் ஒரே மரபணுக் கோளாறு தாக்குவது வியப்பில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் இதற்குக் காரணமாகலாம். அவற்றில் ‘எல்.எஸ்.எஸ்.’ என்ற மரபணுவின் பங்கு 2019-ல் விளக்கப்பட்டது. 21-ஆம் குரோமோசோமில் இருக்கும் இது, உடல் கொலஸ்ட்ரால் செய்யும் வழியில் ‘லானோஸ்டெரால்’ என்ற பொருளை உண்டாக்கும் நொதியைத் தருகிறது. ‘லானா’ என்றால் லத்தீனில் ஆட்டு ரோமம். கம்பளியில் ஒட்டியிருக்கும் கொழுப்பில் கிடைத்ததால் அந்தப் பெயர். மயிரின் பெயரைச் சுமக்கும் ஒரு பொருளை உண்டாக்குவதில் கோளாறு வந்தால் மயிரே இல்லாமல் போகிறது! இதைப் படித்த அன்று நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இது ஒடுங்கிய மரபுவழியில் வரும் நோய். தாயும் தந்தையும் அந்த மரபணுவின் பழுதான படி (நகல்) ஒன்றைச் சுமந்தும் நலமாக இருப்பார்கள். இருவரிடமிருந்தும் பழுதான படியே வந்து சேரும் பிள்ளைக்குத்தான் நோய். ஒவ்வொரு கருவிலும் அதற்கு 4-ல் 1 வாய்ப்பு. நெருங்கிய சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் தாயும் தந்தையும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடும். தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தாய் கர்ப்பத்தில் எதைச் சாப்பிட்டாள், எந்தக் கிரகணத்தைப் பார்த்தாள் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். முடி கொட்டுவது, வலிப்பு, வளர்ச்சித் தாமதம் மூன்றும் சேர்ந்து வந்தவுடனே இந்தப் பெயரை ஒட்டிவிடக் கூடாது. பயோட்டினிடேஸ் என்ற நொதி குறைந்தாலும் இதே அறிகுறிகள் வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். அப்படியானால் தினமும் பயோட்டின் என்ற வைட்டமினைக் கொடுத்தால் போதும். முடி திரும்ப வரும், வலிப்பு அடங்கும். தாமதித்தால் காதும் பார்வையும் மீளாமல் போகலாம். ஆகவே முதலில் அந்தப் பரிசோதனை, அப்புறம் பெயர்.

அந்தப் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை, மரபணுச் சோதனையும் உறுதிசெய்துவிட்டது என்றால், அறிக்கையில் ‘பிறவி மயிரின்மை – அறிவுவளர்ச்சிக் குறைபாட்டுக் கூட்டறிகுறி’ என்று எழுதலாம். தாயிடம் பேசும்போது இவ்வளவு நீளம் வேண்டாம். “பிள்ளைக்குப் பிறவியிலேயே முடி வளராதம்மா. பேச்சும் படிப்பும் மெதுவாகத்தான் வரும். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை” என்றால் அவருக்குப் புரியும்.