பிள்ளைக்குக் கால்பந்து வருமா என்று ஜீன் சொல்லுமா?

பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் எச்சிலைக் குழாயில் பிடித்து அனுப்பினால், "வேகத்துக்கேற்ற உடல்" என்றோ "தாங்குதிறனுக்கேற்ற உடல்" என்றோ ஓர் அறிக்கை வீட்டுக்கு வருகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அகாடமியில் சேர்ப்பதா வேண்டாமா என்று கேட்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறோம்.

இந்த அறிக்கைகளில் தவறாமல் இடம்பெறும் ஜீன் ஏசிடிஎன்3. 11-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. சட்டென்று சுருங்கும் வேகத் தசையிழைகளுக்கு மட்டும் வேண்டிய ஆல்ஃபா-ஆக்டினின்-3 என்ற புரதத்தைச் செய்யச் சொல்வது இதுதான். அந்தப் புரதத்தின் 577-ஆவது இடத்துக்கு ஜீனில் உள்ள எழுத்துகள் சிஜிஏ. சிலருக்கு அது டிஜிஏ. ஓரெழுத்துதான் வித்தியாசம், ஆனால் சிஜிஏ என்றால் "ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தைச் சேர்", டிஜிஏ என்றால் "இதோடு நிறுத்து". புரதம் பாதியில் நின்றுவிடும். முழு வடிவத்தை ஆர் என்றும் நின்றுபோன வடிவத்தை எக்ஸ் என்றும் குறிப்பார்கள். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் எக்ஸ் வாங்கியவர்கள் (எக்ஸ்-எக்ஸ்) உலகில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். இது நோயல்ல. ஆல்ஃபா-ஆக்டினின்-2 என்ற உறவுப் புரதம் அந்த வேலையைப் பெருமளவு ஏற்றுக்கொள்ளும். 2003-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில், குறுந்தூர ஓட்டம் போன்ற வேக விளையாட்டுகளில் உச்சத்தில் இருந்தவர்களிடம் எக்ஸ்-எக்ஸ் மிகக் குறைவாக இருந்தது. "வேக ஜீன்" என்ற பட்டம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

கால்பந்தில்? ஸ்பெயினின் முன்னணித் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 60 பேரிடம் இதைப் பார்த்து 2008-இல் வெளியிட்டார்கள். இருவரிடமிருந்தும் ஆர் வாங்கியவர்கள், அதாவது ஆர்-ஆர், 48.3%. விளையாட்டில் இல்லாத சாதாரண மக்களிடம் அது 28.5%. ஆக, தொடர்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இதே எண்களைத் தலைகீழாகப் படித்துப் பாருங்கள். 60 பேரில் ஆர்-ஆர் 29 பேர்தான். "ஆர்-ஆர் இருந்தால்தான் சேர்ப்போம்" என்று ஓர் அகாடமி கதவை அடைத்திருந்தால், மீதி 31 பேரும் சிறுவயதிலேயே வீட்டுக்குப் போயிருப்பார்கள். எக்ஸ்-எக்ஸ் உள்ள 9 பேரும் அதே உச்சத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம், சாதாரண மக்கள் ஆயிரம் பேரை எடுத்தால் சுமார் 285 பேருக்கு ஆர்-ஆர் இருக்கும். அந்த 285 பேரில் எத்தனை பேர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆவார்கள்?

ஒரு ஜீன் ஏன் இவ்வளவுதான் சொல்கிறது என்பதற்கு ஆட்டத்தையே பார்க்கலாம். தொழில்முறை ஆட்டக்காரர் 90 நிமிடத்தில் 10 முதல் 12 கி.மீ. ஓடுகிறார். முழுவேக ஓட்டம் ஒவ்வொன்றும் 2 முதல் 4 விநாடிதான். அது முடிந்ததும் அடுத்ததற்குள் மூச்சு திரும்ப வேண்டும். வேகமும் வேண்டும், தாங்குதிறனும் வேண்டும். பந்து எங்கே வரப்போகிறது என்று முன்கூட்டியே படிக்கும் கண்ணும் வேண்டும். அதற்கு எந்தக் குழாயிலும் சோதனை இல்லை. ஏசிஇ போன்ற மற்ற ஜீன்களின் முடிவுகள் கால்பந்தில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

பயிற்சிக்கு உடல் எப்படி இசைகிறது என்பதிலும் பரம்பரை பேசுகிறது. ஹெரிட்டேஜ் என்ற ஆய்வில் குடும்பம் குடும்பமாக 20 வாரம் ஒரே பயிற்சி கொடுத்தார்கள். சிலருக்கு ஆக்சிஜன் உள்வாங்கும் திறன் நன்றாக ஏறியது, சிலருக்கு அசையவே இல்லை. அந்த வித்தியாசத்தில் கிட்டத்தட்ட பாதி குடும்பவழி வந்தது. ஆனால் இதற்குப் பின்னால் இருப்பது பல ஜீன்கள், ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. எனவே ஜீனைத் தேடாமல் உடலையே அளப்பது மேல். 10 மீட்டர், 30 மீட்டர் ஓட்ட நேரம், நின்ற இடத்திலிருந்து தாவும் உயரம், 20 மீட்டர் போய்த் திரும்பி 10 விநாடி ஆசுவாசம் எடுக்கும் யோ-யோ சோதனை: இவற்றை 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை, அதே தரையில், அதே காலணியோடு எடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தையும் குறித்துவையுங்கள். 13 வயதில் "பிறவி வேகம்" என்று தெரிவது பல நேரம் சீக்கிரம் வளர்ந்த உடல்தான். தாமதமாக வளரும் பிள்ளையை அப்போதே கழித்துவிடுவது பெரிய அநியாயம்.

காயத்திலும் இதே கதைதான். சிஓஎல்5ஏ1 ஜீனின் சில வடிவங்களைக் குதிகால் தசைநாண் காயத்தோடும் முழங்கால் ஜவ்வுக் கிழிசலோடும் சேர்த்துப் பேசுகிறார்கள். அறிக்கை எதுவாக இருந்தாலும் செய்யவேண்டியது மாறாது: வாரம் இரண்டு முறையாவது ஃபிஃபா 11+ உடற்சூட்டுப் பயிற்சி, 20 நிமிடம். அதில் வரும் நார்டிக் ஹாம்ஸ்ட்ரிங் பயிற்சியில்தான் அதிகம் தவறு நடக்கிறது. மண்டியிட்டு, கணுக்காலைத் துணைவர் அழுத்திப் பிடிக்க, முழங்காலிலிருந்து தலைவரை நேர்கோடாக மெல்ல முன்னே சாய வேண்டும். பலர் இடுப்பை மடிக்கிறார்கள். பின்தொடைக்கு வேலையே போவதில்லை. தொடக்கத்தில் 3 முதல் 5 முறை போதும். முதல் நாளே 15 செய்தால் இரண்டு நாள் நடக்கவே வலிக்கும், பிறகு பிள்ளை அந்தப் பக்கமே வராது.

ஆனால் கால்பந்தில் பரம்பரையைக் கட்டாயம் கேட்டாக வேண்டிய இடம் ஒன்று உண்டு: இதயம். 2003 ஜூன் 26 அன்று பிரான்ஸின் லியோன் நகரில், கொலம்பியாவுக்கு எதிரான கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதியில் கேமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோ, யாரும் மோதாமலே மைதானத்தில் சரிந்து இறந்தார். பரம்பரையாக இதயத் தசை தடிக்கும் நோய் இருந்தது பிறகு தெரிந்தது. ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு அந்த ஜீன் மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. இதயத் தசைக்கான எம்ஒய்பிபிசி3 ஜீனில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம் நம் தெற்காசிய மக்களில் சுமார் 4% பேரிடம் இருப்பதாக 2009-இல் தெரியவந்தது. இருப்பவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆனாலும் குடும்பத்தை விசாரிக்காமல் விடக்கூடாது என்பதற்கு இது போதும்.

சேர்க்கைப் படிவத்தில் இந்தக் கேள்விகள் இருக்கட்டும். வீட்டில் 50 வயதுக்குள் யாராவது காரணம் தெரியாமல் திடீரென இறந்தார்களா? நீச்சல் தெரிந்தவர் தண்ணீரில் மூழ்கினாரா? வலிப்பு என்று மாத்திரை சாப்பிட்டும் நிற்காதவர் உண்டா? பிள்ளை ஓடும்போதே மயங்கியதுண்டா? பிறவியிலேயே காது கேளாத பிள்ளைக்கு மயக்கமும் வருகிறதா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால், சொந்தத்தில் திருமணம் செய்த பெற்றோரா என்றும் கேளுங்கள். இதயத் துடிப்பின் மின்னோட்டம் கோளாறாகும் ஓர் அரிய நோய், தாய், தந்தை இருவழியிலும் ஜீன் வந்து சேரும்போது இப்படித்தான் தலைகாட்டும்.

ஒன்றுக்கு "ஆம்" வந்தாலும் அன்றைக்கே பயிற்சியை நிறுத்தி, 12 லீட் இசிஜியும் எக்கோவும் எடுத்து, இதயநோய் நிபுணரிடம் காட்டுங்கள். ஓடி முடித்து நின்ற பிறகு வரும் தலைசுற்றல் பெரும்பாலும் ரத்த அழுத்தம் இறங்குவதால் வருவது. ஓடிக்கொண்டிருக்கும்போதே வரும் மயக்கத்தை "வெயில்தான், சாப்பிடாம வந்திருப்பான்" என்று விட்டுவிடாதீர்கள். நோய் உறுதியானால் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, பெற்றோர் எல்லோருக்கும் இசிஜியும் எக்கோவும் எடுக்க வேண்டும். ஜீன் சோதனை அப்போதுதான் பயன்படும்: நோயுள்ளவரிடம் மாற்றத்தைக் கண்டுபிடித்தபின், வீட்டில் இன்னும் அறிகுறி வராத மற்றவர்களுக்கு அது இருக்கிறதா என்று பார்க்க.